புடிக்கலீன்னா வந்தர்றேன்

விஜயகுமாரி மூன்றே மாதத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பி வந்துவிடுவாள் என்று பூபாலன் சத்தியம் செய்தான். மூன்று மாதமெல்லாம் தாங்கமாட்டாள், மூன்று வாரம்தான் என்று உடனே திருத்தியும் கொண்டான். நல்லூர் பேக்கரி வாசலில், ஒரு கையில் தேங்காய் பன்னும் மறு கையில் டீயுமாக, நாலு பேர் காதுபடச் செய்த சத்தியம். பின்வாங்க வழியில்லை.

விஷயம் இதுதான். பூபாலனின் மனைவி விஜயகுமாரி திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங் பார்த்தவள். ஒரு டி-சர்ட்டை எடுத்து ஒரு உதறு உதறினால் போதும். எங்கே தையல் விட்டிருக்கிறது என்பதையும், தைத்தவன் அன்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தானா என்பதையும் சொல்லிவிடுவாள். அவளுடைய முதலாளி எத்தியோப்பியாவில் ஒரு ஃபேக்டரி திறந்தார். அந்த ஊர்ப் பெண்களுக்கு வேலை பழக்க ஆள் தேவைப்பட்டது. முதலில் மூன்று மாதம், பிடித்துப்போனால் இரண்டு வருஷம். முதலாளி விஜயகுமாரியைக் கேட்டார். விஜயகுமாரி சரி என்று சொல்லிவிட்டு வந்து பூபாலனைக் கேட்டாள்.

"ஏனுங்க, மூணு மாசம் போய்ப் பாக்கறேன். புடிக்கலீன்னா வந்தர்றேன். அப்பறம் ஆயுசுக்கும் வெளிநாட்டுப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"புடிச்சுப்போச்சுன்னா?"

"நான் சொல்றத ஒண்ணே ஒண்ணு நீங்க கேக்கோணும்."

"என்ன ஒண்ணு?"

"அத அப்பப் பாத்துக்கலாமுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னதை மட்டுமே கேட்டு வந்தவனுக்கு, கூட ஒன்று கேட்பதில் என்ன நஷ்டம்? பூபாலன் கெத்தாகத் தலையை ஆட்டினான்.

பூபாலனுக்கு பனியன் வேஸ்ட் துணி புரோக்கர் தொழில். தொழிலுக்கு வேண்டியது ஒரு செல்போனும் ஒரு பேக்கரியும்தான். மற்ற எல்லாவற்றையும் விஜயகுமாரி பார்த்துக்கொண்டாள். வீட்டில் சமையலறை எந்தப் பக்கம் என்பது அவனுக்குத் தெரியும், ஏனென்றால் ஃப்ரிட்ஜ் அங்கேதான் இருந்தது. அவள் விமானம் ஏறிய அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவனுக்கு விளக்கு சுவிட்ச் எது என்று மட்டுமல்ல, எதற்காக வீட்டுக்கு வந்தோம் என்பதே புரியவில்லை. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். சத்தியமெல்லாம் வாய்க்குத்தான், மனுஷனுக்கு அவள் இல்லாமல் ஒன்றும் ஓடவில்லை.

முதல் வாரம் அவன் எதிர்பார்த்தபடியே போயிற்று. வீடியோவில் விஜயகுமாரி ஸ்வெட்டரும் குல்லாவுமாக வந்து அழுதாள்.

"குளுருதுங்க. தோசைன்னு ஒண்ணு குடுக்கறாங்க, மொறத்து அகலம். வாய்ல வெச்சா புளிப்பு உச்சி மண்டைக்கு ஏறுது. அதோட போச்சா? மணியே புரிய மாட்டேங்குதுங்க."

"மணி என்ன பண்ணுச்சு?"

"சூரியன் எந்திரிச்சதுல இருந்து எண்றாங்க. நம்ம ஏழு மணி இவியளுக்கு ஒரு மணி. ஒரு மணிக்கு மீட்டிங்குன்னாங்க. நான் சோத்தத் தின்னுபோட்டு மத்தியானம் ஒரு மணிக்குப் போறேன், ஆறு மணி நேரம் லேட்டுங்கறாங்க."

பூபாலனுக்கு மனசு ரெண்டாகக் கிழிந்தது. ஒரு பாதி 'அய்யோ, எம்பொண்டாட்டி அழுகிறாளே' என்றது. மறுபாதி பேக்கரிக்கு ஓடிப்போய் 'நாஞ்சொன்னேனல்லோ' என்று சொல்லத் துடித்தது. எந்தப் பாதிக்கு முகத்தைக் கொடுப்பதென்று தெரியாமல் அவன் விக்கினான்.

பக்கத்து வீட்டுத் தங்கவேலு அப்போதுதான் அந்த யோசனையைக் கொடுத்தான். தங்கவேலுவுக்கு யோசனை வருவது பெரிய அதிசயம். நாற்பத்தெட்டு வயசு வரை அவனுக்கு வந்தது கொட்டாவி மட்டும்தான்.

"பூபாலா, அந்தப் புள்ளைக்கு ஊரு நெனப்பக் கெளப்பி உடோணும். பருப்புப்பொடி, மோர் மொளகா, நாட்டுச்சக்கர எல்லாத்தையும் கட்டி அனுப்பு. வாசம் மூக்குல ஏறுச்சுன்னா அடுத்த ஃப்ளைட்டு ஏறிருவா."

"ஏனப்பா, உனக்கு எப்புடி இப்புடியெல்லாம் தோணுது?"

"தெரியிலப்பா. சோறு உண்டுட்டிருந்தேன். காளியாத்தா எதையோ பேசிட்டே கொழம்பு ஊத்துனா. திடீர்னு தோணுச்சு."

காளியாத்தாள் தங்கவேலுவின் மனைவி, விஜயகுமாரிக்கு உற்ற சிநேகிதி. அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள் என்று பூபாலன் தங்கவேலுவிடம் கண்டிப்பாகச் சொன்னான். தங்கவேலு தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

அந்த ஃபேக்டரிக்குப் போகிற ஆள் ஒருவரிடம் பார்சல் போயிற்று. பூபாலன் நாள் எண்ணினான். பத்தாவது நாள் வீடியோ வந்தது. விஜயகுமாரியின் தலையில் குல்லா இல்லை. பக்கத்தில் ஒரு எத்தியோப்பியப் பெண் கன்னம் உப்ப எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"இவ பேரு அல்மாஸுங்க. எங்க லைன் சூப்பர்வைசர். இத்தன நாளு எங்கூடப் பேச மாட்டா. மோர் மொளகாயத் திங்க வெச்சேன், ஒட்டிக்கிட்டா. இவிய ஊர்ல பருப்பு மாவுக் கொழம்பு ஒண்ணு வெக்கறாங்க. நம்ம பொடிய அதுல போட்டா என்ன ருசிங்கறீங்க. இன்னும் ரெண்டு கிலோ அனுப்புங்க."

அழுகை வர வேண்டிய இடத்தில் ஆர்டர் வந்தது. எங்கே தப்பு நடந்தது என்று பூபாலன் பேக்கரியில் உட்கார்ந்து மூன்று டீ யோசித்தான். மூன்றாவது டீயில் தங்கவேலு வந்தான், முகத்தில் அடுத்த யோசனையின் களை.

"வாசம் போதாது. சத்தம் வேணும். நம்மூரு சத்தத்தக் கேட்டா ஆரா இருந்தாலும் நெஞ்சு ஒடஞ்சுரும்."

"இதுவும் சோறு உண்றப்பத் தோணுச்சா?"

"இல்ல. இட்டிலி."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூபாலன் போனைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றான். எதிரே நிட்டிங் மிஷின் கடகடவென்று ஓடியது. நல்லூர் பஸ் ஒன்று குடலைப் பிடுங்குகிற மாதிரி ஹாரன் அடித்தது. பூபாலன் கையை உயர்த்திப் பிடித்து, எந்தச் சத்தமும் வீணாகாமல் ஊட்டினான். கால் மணி நேரம் கழித்துத் திரையைப் பார்த்தால் விஜயகுமாரி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

சாயங்காலம் கூப்பிட்டாள். "வந்ததுல இருந்து தூக்கமே இல்லீங்க. இங்க ஒரே அமைதி, காதுல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அந்த மிஷின் சத்தத்துல அசந்துட்டேன். வாரா வாரம் போடுங்க, மறந்தராதீங்க."

அதன்பின் ஞாயிறுதோறும் பூபாலன் வெயிலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். போகிறவன் வருகிறவனெல்லாம் தனக்குத்தான் வணக்கம் வைக்கிறான் என்று நினைத்துப் பதில் வணக்கம் வைத்தான்.

மூன்றாவது யோசனை ராமபாணம் என்றான் தங்கவேலு. இந்த முறை பழைய சோறு. "பட்டினி கெடக்கறேன்னு சொல்லு. பொம்பள மனசு, தாங்காது."

பூபாலன் தலையைக் கலைத்துவிட்டுக்கொண்டு திரையில் தோன்றினான். "குமாரி, சோத்துக்கு வழியில்ல அம்மிணி. பேக்கரி பன்னத் தின்னே செத்துருவேன் போல."

"அய்யோ, ஏனுங்க இத மொதல்லயே சொல்லுல? போனச் சமையக்கட்டுல சாச்சு வைங்க. அரிசியும் தொவரம்பருப்பும் எடுங்க. அரிசிம்பருப்புச் சோறு ஆக்கறது ஒண்ணும் பிரமாதமில்ல."

அழுவாள் என்று பார்த்தால் வகுப்பு எடுத்தாள். முதல் நாள் ஆக்கியதைக் கேமரா முன் காட்டச் சொல்லி, பனியனை உதறிப் பார்க்கிற அதே பார்வையில் பார்த்தாள். "ரிஜெக்ட்" என்றாள். இரண்டாம் வாரம், "பருப்பு ஒருபக்கம், அரிசி ஒருபக்கம் ஓடுது. ஆல்டர்" என்றாள். ஆல்டர் என்றால் பிரித்துத் திருப்பித் தைக்க வேண்டிய பீஸ். பூபாலனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு சோற்றுச் சட்டியிடம் தோற்பதா? பேக்கரிக்குப் போகாமல் ஆக்கினான். சீரகம் பொரியவிட்டான், சின்ன வெங்காயம் உரித்துக் கண்ணீர் விட்டான். ரசம் வந்தது. இனிப்புக் கச்சாயம்கூட வந்தது. தன் சட்டையைத் தானே அயர்ன் செய்தான். எதற்காக இதையெல்லாம் ஆரம்பித்தோம் என்பது மட்டும் நடுவில் எங்கோ நழுவிவிட்டது.

அங்கே விஜயகுமாரிக்கு ஒவ்வொரு வாரமும் ஒவ்வொன்றாக நேராயிற்று. சந்தையில் பேரம் பேசினாள். அல்மாஸ் வீட்டில் காபிக்கொட்டையை அப்போதே வறுத்து, இடித்து, மூன்று டம்ளர் கொடுக்கிறார்களாம். குடிக்காமல் எழுந்தால் கோபித்துக்கொள்வார்களாம். மொறத்தகலத் தோசை இல்லாமல் இப்போது சாப்பாடே இறங்குவதில்லையாம்.

"புளிப்பு?"

"அது பழகப் பழகத்தானுங்க. அப்பறம் ஒண்ணு தெரியுமா? இவியளுக்கு வருசம் நம்மளுக்கு ஏழெட்டு வருசம் பின்னால ஓடுது. எனக்கு இங்க முப்பத்தஞ்சுதான் வயசு."

"நான் அங்க வந்தா?"

"நீங்க வந்தாலும் கொறையுமுங்க," என்றாள் விஜயகுமாரி, ரொம்ப நிதானமாக.

மூன்றாவது பார்சலுக்கு மட்டும் விதிமுறைகள் கூடிவிட்டன. பூபாலனின் பாஸ்போர்ட் காப்பி, வெள்ளைப் பின்னணியில் ரெண்டு போட்டோ, நாலு இடத்தில் கையெழுத்து எல்லாம் வேண்டும் என்று தங்கவேலு வந்து நின்றான்.

"ஏப்பா, பருப்புப்பொடிக்கு எதுக்கு எம்போட்டோ?"

"அனுப்பறவன் ஆருன்னு அவியளுக்குத் தெரிய வேண்டாமா? சிரிக்காம எடுக்கோணுமாம்."

எப்போதோ மலேசியா டூர் போக எடுத்து, போகாமலே பீரோவில் படுத்திருந்த பாஸ்போர்ட் வெளியே வந்தது. பூபாலன் சிரிக்காமல் போட்டோ எடுத்துக்கொண்டான். அதே வாரம் காளியாத்தாளின் தம்பி ஒருவன் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, தண்ணீர் டேங்கைத் தட்டிப் பார்த்து, காற்றோட்டம் பிரமாதம் என்றான். பூபாலன் பெருமையாக மாடி வரை கூட்டிப்போய்க் காட்டினான்.

கெடு முடிகிற ஞாயிறு வந்தது. எப்படியும் இன்றைக்கு வருகிற தேதியைச் சொல்லத்தான் போகிறாள் என்று பூபாலன் வீடு கூட்டி, குளித்து, அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, போனை அதன் இடத்தில் சாய்த்து வைத்தான். விஜயகுமாரி வந்தாள். சட்டியைக் காட்டச் சொன்னாள். கிளறிக் காட்டச் சொன்னாள். நெய் விட்டுக் காட்டச் சொன்னாள்.

"பாஸ்," என்றாள்.

இருபத்திமூன்று வருஷத்தில் அவள் அவனுக்குக் கொடுத்த முதல் பாஸ். பூபாலனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்ப வர்றே குமாரி?"

"எனக்கு இங்க புடிச்சுப்போச்சுங்க."

பூபாலன் கரண்டியைக் கீழே வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான், ஆனால் எங்கே வைத்தான் என்பதைப் பார்க்கவில்லை. அது சோற்றுக்குள் முழுகிப்போனது.

"நான் சொல்றத ஒண்ணு கேக்கறேன்னீங்க," என்றாள் விஜயகுமாரி. குரல் கொஞ்சம் இறங்கியது. "நீங்களும் இங்க வந்துருங்க. பதினெட்டாந்தேதி டிக்கட்டு. எல்லாம் புடிச்சிருக்குதுங்க, நீங்க இல்லாதது ஒண்ணுதான் புடிக்கல."

உள்ளுக்குள் குளிர்ந்தாலும் பூபாலன் பிடி கொடுக்கவில்லை. "அதெப்படி? விசாவுக்கே மாசக்கணக்காவும்."

"வந்துருச்சுங்க. பாஸ்போர்ட் காப்பி, போட்டோ, கையெழுத்தெல்லாந்தான் மூணாவது பார்சல்லயே அனுப்பிட்டீங்களே. போட்டோவுல கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்."

"அது தங்கவேலு..." என்று ஆரம்பித்த பூபாலன் நின்றான். சோறு, இட்டிலி, பழைய சோறு எல்லாம் வரிசையாகக் கண்முன் போயின. கொழம்பு ஊற்றிய கை யாருடையது என்பதும் தெரிந்தது.

"பார்சல், மிஷின் சத்தம், பட்டினி, எல்லாம் நீ சொல்லியா?"

"நான் காளியாத்தாக்காகிட்டச் சொன்னேன். அக்கா அண்ணங்கிட்டச் சொன்னாங்க. அண்ணன் உங்ககிட்டச் சொன்னாரு."

"பருப்புப்பொடி வேணும், சமையல் பழகிக்கோன்னு நேரா எங்கிட்டயே கேக்கறதுக்கென்ன?"

"கேட்டிருந்தா செஞ்சிருப்பீங்களா?"

பூபாலன் யோசித்துப் பார்த்தான். நேர்மையான மனுஷன், பேச்சை மாற்றினான்.

"அங்க வந்து நான் என்ன அம்மிணி பண்றது?"

"நான் காலைல ஒரு மணிக்கு வேலைக்குப் போயிருவேன். இவிய ஒரு மணிங்க. நீங்க ஊட்டப் பாத்துக்குங்க. நீங்க வந்த மொத ஞாயித்துக்கெழம அல்மாஸ் ஊட்டுக்காரங்க பதினோரு பேரு விருந்துக்கு வாராங்க, அரிசிம்பருப்புச் சோறுன்னு சொல்லி வெச்சிருக்கேன். மொத மாசம் உங்களுக்கு அழுகை வரும். ரெண்டாவது மாசம் மணி புரியும். மூணாவது மாசம் நம்ம ஊரு மாதிரி ஆயிருமுங்க."

ஆண்பிள்ளை என்று ஒரு மிச்சம் வேண்டாமா? பூபாலன் நெஞ்சை நிமிர்த்தினான். சோற்றுக்குள் கையை விட்டுக் கரண்டியை மீட்டு, அதைத் திரைக்கு நேராக நீட்டினான்.

"வர்றேன். ஆனா இப்பவே சொல்லிப்போட்டேன் பாத்துக்கோ. மூணு மாசம் பாப்பேன். புடிக்கலீன்னா வந்தர்றேன்."

"தாராளமா வாங்க," என்றாள் விஜயகுமாரி. "வந்தா காளியாத்தாக்கா தம்பிகிட்டக் கேட்டுட்டு மாடி ரூமுல படுத்துக்குங்க, ஊட்ட ரெண்டு வருசத்துக்கு அவருக்கு வாடகைக்கு உட்டாச்சு."