வாத்துப் படத்தைத் தொட்ட ஊர்

ஜவ்வாது மலை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சான் சேட்டுவுக்கு, மாமா கோபால்சாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா பாஞ்சாலையும் சுகம், வாத்துகள்தான் சுகமில்லை. கண்ணமங்கலத்தில் உன் வீட்டாரும், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குட்டையும் சுகமாக இருக்க வேண்டும். குட்டையை ஏன் விசாரிக்கிறேன் என்று போகப்போகத் தெரியும்.

போன வாரம் ரம்யா என்று காலேஜில் ஆராய்ச்சி பண்ணுகிற பெண் வந்து, எங்கள் ஏரியை எப்படி வைத்துக்கொள்ள ஆசை என்று வீடுவீடாகக் கேட்டது. கையில் படம் போட்ட அட்டைகள். ஒன்றில் ஏரியும் வலையும், ஒன்றில் ஏரியும் மாடும், இன்னொன்றில் ஏரி நிறையப் பறவைகள். பிடித்ததைத் தொட வேண்டுமாம். வாத்து வளர்க்கிறவன் எதைத் தொடுவேன், நீயே சொல். அந்தப் பெண் என்னமோ விளக்கிக்கொண்டே இருந்தது, நான் படத்தில் என் வாத்துகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அட்டையில் ஏறுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டோமே என்று கண்ணே கலங்கிவிட்டது. விசாரித்தால் ஊர் முழுக்கத் தொட்டது அதே அட்டையைத்தான். மீன் பிடிக்கிற கிருஷ்ணன்கூட, "இன்னாண்ணா, உன் வாத்துப் படம் இருக்கசொல்ல வேற எதத் தொடுவேன்" என்கிறான்.

கிளம்பும்போது ரம்யா எல்லோரையும் கூட்டி, "ஏரியக் காட்டுப் பறவைங்களுக்கே வுட்டுடணும், வலை, மாடு, வாத்து எதுவும் கூடாதுன்னு மொத்த ஊரும் சொல்லிட்டீங்க. இப்பிடி ஒரு ஊர நான் பாத்ததே இல்லைங்க" என்று கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டது. பின்னாலேயே ஓடி, நாங்கள் தொட்டது வாத்தென்று நினைத்துத்தான் என்கிற விஷயத்தைச் சொல்லலாம் என்று நான் வேட்டியை மடித்துக் கட்டினால், ஊர்க்கவுண்டர் குப்பன் தடுத்துவிட்டார். "வூடு தேடி வந்தவங்ககிட்ட சொன்ன சொல்ல மாத்துவியா? இன்னிலர்ந்து ஏரில யாரும் எறங்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான். கிருஷ்ணன் வலையைப் பந்தலாகக் கட்டிச் சுரைக்கொடி ஏற்றிவிட்டான். மாடுகள் கொட்டகையில் நின்று எங்களை முறைக்கின்றன. என் வாத்துகள் பாஞ்சாலை அரிசி கழுவுகிற அண்டாவில் முறை வைத்துக் குளிக்கின்றன, அவள் என்னோடு பேசுவதில்லை. காட்டுப் பறவை என்று வந்தது ஒரே ஒரு கொக்கு, அதுவும் வேடிக்கை பார்க்கக் கரையில் நின்ற எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. சிரிக்காதே மச்சான். தண்ணீரில் இறங்காத வாத்து முட்டை இடுவதைக் குறைத்துவிட்டது, முட்டை இல்லாவிட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. பயமாகவே இருக்கிறது.

ஆகவே உடனே ஒரு வண்டி அனுப்பி, வாத்துகளை உன் குட்டைக்குக் கொண்டுபோகவும். உன் குடும்பம் பால் பொங்குவது போல் பொங்க வேண்டும், குழந்தைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கோபால்சாமி

பின்குறிப்பு: வண்டி வேண்டாம். இன்று காலை ரம்யா மறுபடி வந்து, ஏரி வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டது. "அது ஆராய்ச்சிக்காகக் கேட்ட கேள்விங்க, அவ்ளோதான். யாரும் எதையும் நிறுத்த வேணாங்க" என்றது. கேட்டவங்களே சொன்னா சரி என்று குப்பனும் விட்டுவிட்டார். வாத்துகள் ஏரியில் போடுகிற ஆட்டத்தை நீ பார்க்க வேண்டும். அந்தக் குஷியில் நான் நிற்கும்போது, ஏரியைத் தூர்வாரக் கூலி இல்லாமல் எத்தனை நாள் உழைப்பீங்க என்று அந்தப் பெண் இன்னொன்று கேட்டது. வெறும் கேள்விதானே என்று, "உசுரு இருக்கிற வரைக்கும் தெனம் வர்றேம்மா" என்றேன். குப்பன் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். இப்போது மண்வெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறார். நீ மட்டும் சீக்கிரம் கிளம்பி வா.