ஒழுகும் குழாயும் உயர்கல்வியும்

பல்கலைக்கழகத்தில் நீரோட்டவியல் நடத்திவந்த தற்காலிக விரிவுரையாளர், வகுப்புகள் இணையத்துக்கு மாறிய நாள்முதல் விரிவுரையாளர் இல்லை. 'கற்றல் உடனிருப்பாளர்' என்று சுற்றறிக்கை அவருக்குப் பெயர் சூட்டியிருந்தது. பெயர்தான் மாறியது, தற்காலிகம் மாறவில்லை. இந்த ஆண்டாவது நிரந்தரம் ஆகிவிட வேண்டும் என்ற ஒரே ஆசையில், மனிதர் படுக்கையறைச் சுவரை வெள்ளைத்துணியால் மறைத்துப் பாடம் பதிவு செய்துவந்தார்.

ஒருநாள் குழாயில் நீர் பாயும் விதியை அவர் உருக்கமாக விளக்கிக்கொண்டிருக்கையில், கதவைத் திறந்துகொண்டு மனைவி வந்தாள்.

"ஊருக்கெல்லாம் தண்ணி எப்படி ஓடுதுன்னு பாடம் எடுக்கறீங்க. நம்ம சமையலறைக் குழாய் ஒரு மாசமா ஒழுகுது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்களேன்."

அந்தப் பகுதியை வெட்டத் தெரியாமல் அவர் அப்படியே பதிவேற்றிவிட்டார். துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பியதும், வேலைக்கு உலைதான் என்று முடிவுகட்டிக்கொண்டார். போனால், தலைவர் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். மொத்தப் பாடத்திலும் மாணவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தது அம்மையார் வரும் பகுதியை மட்டும்தான் என்று கணினி கண்டறிந்திருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

"இனிமே எல்லாப் பாடத்துலயும் அவங்க வரணும்," என்றார் தலைவர்.

"அப்ப பாடம், சார்?"

"அதை இதுவரைக்கும் யாரும் கேக்கலையே."

உத்தரவு பிறந்தது. மனைவி 'முதன்மைக் கற்பிப்பாளர்' ஆனாள். அவள் பேசும்போது பின்னால் நின்று தலையாட்டுவது கணவரின் பொறுப்பு. வீட்டில் ஏற்கெனவே பார்த்துவந்த வேலை என்பதால் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. குழாய் 'கற்பித்தல் சாதனம்' என அறிவிக்கப்பட்டது. முன் அனுமதியின்றி அதைப் பழுதுபார்ப்போர் மீது ஒழுங்கு நடவடிக்கை பாயும்.

மற்றத் துறைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பொருளாதாரத்துக்காரர் வீட்டில் மேசைக்கால் உடைந்தது. வேதியியல்காரர் பாவம், கல்யாணமாகாதவர். அக்காவை வரவழைத்துத் திட்டு வாங்கிக்கொண்டார்.

மனைவிக்குத்தான் புகழ் சீக்கிரமே அலுத்துவிட்டது. நீங்கள் நிரந்தரமாகிறவரைக்கும் நான் குழாயடி வாளியைத் தூக்கவேண்டுமா என்று சண்டை பிடித்தாள். ஒரு மாலை, நடப்பது நடக்கட்டும் என்று குழாய் ரிப்பேர்காரரையே அழைத்துவந்துவிட்டாள். வந்தவர் பையைக் கீழே வைத்துவிட்டு, குழாயோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்.

"மேடம், நான் உங்க மாணவன். இந்தக் குழாயைப் பாத்துத்தான் சான்றிதழே வாங்கினேன். இதை நிறுத்திட்டா என் படிப்பு செல்லாமப் போயிடும்."

நகர்ந்திருந்த வாளியைச் சரியாக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆண்டுக் கடைசியில் பதிவாளரிடமிருந்து பணி நிரந்தர ஆணை வந்தது. மனிதர் அவசரமாகப் பிரித்தார். பாடத்தின் வெற்றிக்கு இன்றியமையாத காரணம் என்ற வகையில், குழாய் நிரந்தரமாக்கப்பட்டிருந்தது. உடனிருப்பாளர் அதன்கீழ் மேலும் ஓராண்டு தற்காலிகமாகப் பணிபுரியலாம்.

மனைவி ஆணையை வாங்கிப் படித்தாள். பிறகு வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க மேலதிகாரி கூப்பிடறாரு. போங்க."