பாரை மீனின் செவுளைத் திறந்தது பற்றி

டோர்ட்முண்ட்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஐங்கரன் அத்தானுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன். வெட்கத்தால் ஒரு ஆள் செத்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. சனிக்கிழமை நடந்ததற்கு அம்மா எழுத்தில் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருந்தீர்கள். அம்மா எழுதமாட்டா. அவவுக்குப் பதிலாக நான் எழுதுகிறேன், ஆனால் இது மன்னிப்பு இல்லை.

டுசெல்டோர்ஃபில் அந்த யப்பான்காரரின் சந்தைக்கு எங்களைக் கூப்பிட்டதே நீங்கள்தான். உங்கள் மேலதிகாரி மக்டலீன் வாறா, குடும்பமாக நின்றால் நல்ல மாதிரித் தெரியும் என்றீர்கள். சேலை வேண்டாம், ஜீன்ஸ் போடட்டும் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினீர்கள். அம்மா ஜீன்ஸுக்கு எங்கே போவா? என்னுடையதைப் போட்டுக்கொண்டு மூச்சுவிட ஏலாமல் வந்தவ. ஒக்டோபஸ் உருண்டை சுடும் கடையில், "எங்கடை வாய்ப்பன் பலகாரம் மாதிரிக் கிடக்கு" என்று ஒன்றை முழுசாக வாயில் போட்டு, உள்ளேயிருந்த சூட்டில் கண்ணால் தண்ணி ஓட ஓட, துப்பாமல் விழுங்கினா. உங்களுக்காக. பிறகு குச்சியில் குத்திய கணவாயைப் பிடித்தபடி மக்டலீனைப் பார்த்து "லெக்கர், லெக்கர்", நல்ல ருசி என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லிச் சிரித்தா. அதுவும் உங்களுக்காக.

அதற்குப் பிறகுதான் மீன் கடை. ஐஸுக்கு மேலே ஒரு பாரை, பக்கத்தில் கைப் படம் போட்டுச் சிவப்புக் கோடு கீறிய ஒரு அட்டை. அம்மா அந்த அட்டையை மரியாதையாகத் தள்ளி வைத்துவிட்டு மீனைத் தூக்கி, இரண்டு விரலால் செவுளைத் திறந்து, "பிள்ளை, இது மூண்டு நாள் மீன். கேள், என்ன விலைக்குத் தருவாராம்?" எண்டா. நான் அப்பிடியே ஜெர்மனில் கேட்டன். கடைக்காரர் கத்தத் தொடங்கினார், தொட்டால் வாங்கத்தான் வேணுமாம். அம்மா விடுவாவே? "தொடாமல் பார்க்காமல் எடுக்க இதென்ன கலியாணமே?" அதையும் நான் மொழிபெயர்த்தன். சந்தையே திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் உங்களிட்டைத்தான் கேட்டவர், "இந்த அம்மா உங்களோடை வந்தவவா?" எண்டு. நீங்கள் நல்ல சுத்தமான ஜெர்மனில், "இல்லை, எனக்கு இவவைத் தெரியாது" எண்டுபோட்டுக் கடற்பாசிப் பக்கெற் பார்க்கப் போனீங்கள்.

தெரியாதோ? இருபத்தாறு வருசம் ஆஸ்பத்திரிக் குசினியில் மீன் வெட்டினவ. அந்தச் சம்பளத்தில்தான் அக்கா படிச்சவ; படிச்ச அக்காவைத்தான் நீங்கள் கட்டினீங்கள். நாகரிகம் பற்றி எங்களுக்கு நீளமா எழுதியிருக்கிறீங்கள். ஒரு வெள்ளைக்காரச் சமையல்காரர் டிவியில் மீனைத் தூக்கி மணந்து பார்த்தால் அவர் நிபுணர். அம்மா செவுளைத் திறந்தால் காட்டுமிராண்டி. உங்கடை பதவி உயர்வுக்காக ஆள் தேவையெண்டால் குடும்பம், ஒரு கடைக்காரன் கத்தினால் அந்நியர். அத்தான், இதுக்கு ஜெர்மன்காரரில் பழிபோட ஏலாது. மக்டலீன் அந்த இடத்திலேயே நிண்டு அம்மாவுக்குக் கை துடைக்கப் பேப்பர் குடுத்தவ.

ஆகவே மன்னிப்பு இங்கேயிருந்து வராது. நீங்கள் வந்து, அம்மாவுக்கு முன்னால் நின்று, "இவ என்ரை மாமி" என்று ஜெர்மனில் ஒருக்காச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரடியில் கண்டாலும் நான் கதைக்கமாட்டன்.

அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்கு அம்பாள் நல்ல ஞாபகசக்தியைத் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சாள்
நிருஷா

பி.கு.: கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்று நாள் மீன் என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தா. "அது நல்ல உடன் மீனடி, செவுள் இரத்தச் சிவப்பு. பழசெண்டு சொன்னால்தானே விலை குறைப்பாங்கள்." எனக்குச் செவுள் பார்க்கத் தெரியாது, அம்மா சொன்னதை நம்பிவிட்டேன். கடைக்காரரிடம் வாற சனி நானே போய் மன்னிப்புக் கேட்கிறேன். நிபுணர் பற்றி எழுதியதை வெட்டிவிடுங்கோ. ஆனால் அத்தான், நீங்கள் தெரியாது எண்டு சொன்னது மீனை இல்லை.