பாசிக்காரரின் டீசல்

ஜாடிக்குள் எண்ணெய் பிரிய மறுத்தது.

"மாமா, இது எண்ணெயா, கோந்தா?" என்று பாசிக்காரரிடம் கேட்டான் அவர் மனைவியின் தம்பி.

பாசிக்காரர் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஆய்வதிகாரி வர இன்னும் இரண்டு மணி நேரம்தான். பாசி எண்ணெயில் ஜெனரேட்டர் பத்து நிமிடம் ஓடினால் அவருடைய ஆய்வுக்கூடம் பிழைக்கும். இல்லாவிட்டால் இன்றே பூட்டு. நல்ல மெக்கானிக் வேலையை உதறிவிட்டு அவரை நம்பி வந்த மச்சானும் தெருவில் நிற்பான். கண்ணாடி மாதிரி தெளிவாக ஒரு ஜாடி இறக்கிவிட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். மூன்று மாதமாக ஒன்றும் மனசுக்குத் தேறவில்லை.

வேலை என்னவோ எளிமையானதுதான். தொட்டியில் வளரும் நுண்பாசியைக் காயவைத்து அதன் கொழுப்பைப் பிரித்தெடுக்க வேண்டும். மெத்தனாலும் துளி காரமும் சேர்த்து, அறுபது டிகிரி சூட்டில் கலக்கிக்கொண்டே இருந்தால் கிளிசரின் அடியில் தங்கும், டீசல் மேலே நிற்கும். ஈரம் மட்டும் ஆகாது. ஈரமும் காரமும் கொழுப்போடு கூடினால் பிறப்பது சோப்பு. இன்றைய அவசரத்தில் பாசி சரியாகக் காயவில்லை.

"காரம் பத்தலை போல," என்று இன்னொரு கரண்டி போட்டார். ஜாடி இன்னும் கெட்டியானது.

"சூடு ஏத்தட்டுமா?"

"ஏத்து."

அறுபத்தைந்தைத் தாண்டியதும் மெத்தனால் ஆவியாகி அறையை நிறைத்தது.

"அணைடா! ஜன்னலைத் திற! ஒரு பொறி பட்டா நாமளும் ஆவிதான்!"

கடைசி முயற்சியாக வெந்நீர் ஊற்றிக் குலுக்கினார். நுரை பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு மேஜையெல்லாம் வழிந்தது.

"அக்காகிட்ட கொடுத்தா ஒரு மாசம் துணி துவைக்கும்," என்றான் மச்சான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பாசிக்காரர் ரப்பர் குழாயோடு பின்பக்கம் ஓடினார். அங்கே நின்ற, கூடத்துக்குச் சரக்கேற்றும் வேனின் டாங்கில் குழாயை விட்டு உறிஞ்சி, வாயில் போனதைத் துப்பி, இரண்டு லிட்டர் பிடித்து ஜெனரேட்டரில் ஊற்றினார். வாழ்நாளில் முதல் திருட்டுத்தனம்.

ஜெனரேட்டர் பத்து நிமிடமும் பிசகாமல் ஓடியது.

"பிரமாதம்!" என்று பேனாவைத் திறந்தார் அதிகாரி. "குளத்து வாடைதான் கொஞ்சம் அடிக்குது. உங்களை மாதிரி நேர்மையான ஆளுங்க அபூர்வம் சார்."

அந்த ஒரு சொல் பாசிக்காரரின் நெஞ்சில் போய்க் குத்தியது. "சார்... அது பாசி எண்ணெய் இல்லை. வேன்ல உறிஞ்சினது."

மச்சான் தலையில் அடித்துக்கொண்டான்.

அதிகாரி வேறொரு தாளை நீட்டினார். "ஏமாத்தினேன்னு உங்க கையாலேயே எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தார். கதவுக்கு அரக்கு முத்திரை விழுந்தது. கார் தெருமுனையைத் தாண்டி மறைந்தது.

"வேன் டீசல்னு வாயைத் திறந்து சொல்லணுமா மாமா?"

"மனசு கேக்கலைடா."

டாங்கில் தொங்கிய குழாயைச் சுருட்டியபடியே வந்த வேன் டிரைவர் திகைத்து நின்றார்.

"வண்டியில ஏது சார் டீசல்? கலர் சரியில்லை, கொட்டிடுன்னு வாராவாரம் நீங்க குடுக்கிற பாசி எண்ணெயிலதானே மூணு மாசமா ஓட்டிக்கிட்டிருக்கேன்!"