டெஸ்டர் நானாவும் கட்டார்க் கோடாலியும்

புத்தளத்தில் டெஸ்டர் நானா சோதித்துப் பார்க்காத பொருள் ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது இன்னும் கொழும்பிலிருந்து லொறியில் வந்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன்; அவருக்கும் ஒரு சொந்தப் பெயர் இருந்தது. எங்கள் தெருவில் அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். மின்சாரச் சாமான் கடையில் முப்பது வருடம் நின்ற மனிதர். பல்பு வாங்க வருபவருக்கு அதைக் கடை ஹோல்டரில் போட்டு எரித்துக் காட்டித்தானே கொடுப்பார்கள்? அந்தப் பழக்கம் கடையோடு நிற்காமல் அவருடன் வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாண வீட்டில் கதிரையை ஆட்டிப் பார்த்துத்தான் உட்காருவார். பக்கத்துக் கதிரையையும் ஆட்டுவார், அதில் ஆள் இருக்கும்போதே. பள்ளிவாசலுக்கு மையித்தைக் கிடத்தி அடக்கத்துக்குத் தூக்கும் சந்தூக்குப் பெட்டி புதிதாக வந்த அன்று, அதற்குள் ஏறி நீட்டி நிமிர்ந்து படுத்தார். எழுந்து, "கால்பக்கம் கொஞ்சம் ஒடுக்கம். மத்தப்படி சொகமா இரிக்கி" என்றார். அதன் பிறகு எங்கள் தெருவில் வயதானவர்கள் அவரைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கியே நடந்தார்கள்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில், கற்பிட்டிப் பக்கம் வெளியூர்க்காரர்கள் வந்து கூடாரம் அடித்துத் தங்கத் தொடங்கினார்கள். நாங்களும் ஏன் தங்கக் கூடாது என்று என் மனைவிக்குத் தோன்றியது. வளைகுடாவில், கட்டாரில் வேலைசெய்துவிட்டு வந்த மச்சான் ஒரு கூடாரமும், தோலுறை போட்ட சின்னக் கைக்கோடாலி ஒன்றும் தந்திருந்தார். செம்மஞ்சள் பிடி, கண்ணாடி மாதிரி வாய். அதை எடுத்து அலுமாரிக்கு மேல் ஒளித்து வைத்தேன். எங்கள் மகளுக்கு அப்போது ஏழு வயது. நான் பென்சில் சீவும் கத்தியையே ஒளித்து வைக்கிற தகப்பன்.

கோடாலிச் செய்தி எப்படியோ நானாவின் காதுக்குப் போய்விட்டது. ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் புறப்பட்ட காலையில், டெஸ்டர் நானா பையோடு எங்கள் வாடகை வானின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எங்க நானா?"

"டெஸ்ட் பண்ணாத கோடாலியோட பிள்ளய கூட்டிட்டுப் போறீங்களே தம்பி. தலை கழண்டு பறந்தா யாரு பொறுப்பு?"

அதன் பிறகு அவரை இறக்கிவிடும் துணிவு எனக்கில்லை.

கடலோடு சேர்ந்த களப்பின் ஓரத்தில் கூடாரம் அடித்தோம். ஆழமில்லாத இடத்தில் ஒரு தோணி நின்றது. பிள்ளை அதில் விளையாடட்டும் என்று சொல்லிவிட்டு அதன் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார். சாப்பாட்டுக்குப் பிறகு மகள் தோணிக்குள் பாய் விரித்துத் தூங்கிப்போனாள்.

நானா கோடாலியை உருவினார். நாங்கள் கொண்டுபோன விறகில் வெட்ட மாட்டாராம். "அதப் பச்சப் பிள்ளையும் முறிக்கும். இதுக்குச் சரியான மரம் வேணும்."

கரையில் ஒரு முளை நட்டிருந்தது. உப்புக் காற்றில் இறுகிய கட்டை. அதில் ஒரு கயிறும் கட்டியிருந்தது. மறுநுனி சேற்றுக்குள்ளும் பாசிக்குள்ளும் மறைந்திருந்ததால் நாங்கள் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. "யாரோ விட்டுட்டுப் போனது" என்றார் நானா. பிஸ்மி சொல்லி ஓங்கினார். நாலே வெட்டு. கட்டை அடியோடு விழுந்தது. நான் கைதட்டினேன்.

விழுந்த கட்டை மெதுவாக நகர்ந்து தண்ணீருக்குள் இறங்கியது.

"பாத்தீங்களா தம்பி வெட்ட? கட்டை பயந்து ஓடுது."

அப்போதுதான் அந்தக் கயிற்றின் மறுநுனியில் தோணியைப் பார்த்தேன். தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று அதைக் களப்பின் நடுவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. மகள் உள்ளே.

எனக்கும் நீச்சல் தெரியாது, அவருக்கும் தெரியாது. இருவரும் பாய்ந்தோம். என் மனைவி கரையில் யா அல்லாஹ் யா அல்லாஹ் என்று அழுதாள். நானா சாரனைத் தூக்கிக் கட்டியபடி முன்னால் போனார். "முழங்கால்", "இடுப்பு" என்று போகும் வழியெல்லாம் ஆழத்தைச் சொல்லிக்கொண்டே போனார். "பயப்பட வேணாம் தம்பி. இந்தக் காத்துக்கு எதிர்க்கரை கரைத்தீவுலதான் போய் நிக்கும். அங்க எல்லாம் நம்ம ஆக்கள்."

அவருக்கு நெஞ்சு வரை வந்தபோது எனக்கு நாடி வரை வந்துவிட்டது. நான் குள்ளன். அதற்குமேல் ஓரடி வைக்க முடியவில்லை. என் பிள்ளை போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நானா ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, மேலும் நடந்தார். "கழுத்து" என்றார். பிறகு சத்தம் வரவில்லை. தலை மட்டும் தெரிந்தது. அதுவும் ஒருமுறை மறைந்து மேலே வந்தது. வந்தபோது மிதந்த கட்டை அவர் கக்கத்தில் இருந்தது. கயிறு கையில்.

தோணி நின்றது. மகள் எழுந்து எட்டிப் பார்த்தாள்.

"மாமா, ஏன் உடுப்போட குளிக்கிறீங்க?"

"தோணி நல்லமா எண்டு டெஸ்ட் பண்றேன் மகள். எழும்பாம இரிங்க."

அவர் அடிமேல் அடி வைத்து இழுத்து வந்தார். எனக்கு எட்டும் இடத்தில் நானும் பிடித்தேன். கரைக்கு வந்ததும் மனைவி மகளை அள்ளிக்கொண்டு போனாள். நானா மணலில் உட்கார்ந்தார். அவரை ஏசுவதற்கு, இருபது வருட ஆசிரியத் தொழிலில் சேர்த்த அத்தனை சொற்களையும் தயாராக வைத்துக்கொண்டு எதிரே போய்க் குந்தினேன்.

"கயித்த விடுங்க நானா."

"விட ஏலாம இரிக்கி தம்பி."

விரல்கள் இறுகிப்போயிருந்தன. உள்ளங்கை தோலுரிந்திருந்தது. கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக நான்தான் விரித்துவிட்டேன். சின்னவிரல்தான் கடைசி. கயிறு விழுந்த பிறகும், அந்தக் கையை நான் விடவில்லை.