தண்ணீருக்கு நோய் வந்த வாரம்

அன்புள்ள மச்சானுக்கு,

இந்தக் கையெழுத்துக்கு முதலில் மன்னிக்க வேண்டும். வரிகள் மேலே ஏறிக் கீழே இறங்கினாலும் நான் நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அறுபத்திரண்டு வயதில் மருமகளிடம் எழுத்துப் படித்த கை இது. ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆகிறது, அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! அக்காவின் முழங்கால் தேவலையா?

விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆய்வுக்கூடத்துத் துப்புரவு வேலையை என் கையில் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றீர்களே, அந்த வேலைக்கு இந்த வாரம் ஆபத்து வந்தது. குட்டிக் குழாய்களைச் சூடாக்கி ஆற்றி, சூடாக்கி ஆற்றி நோயைக் காட்டும் அந்தப் பெட்டி ஞாபகம் இருக்கும். நோயாளிகளின் குழாய்களோடு வெறும் தண்ணீர் விட்ட குழாய் ஒன்றையும் வைப்பார்கள். அதில் ஒன்றும் தெரியக்கூடாது. திங்கட்கிழமை அந்தத் தண்ணீருக்கே நோய் இருப்பதாகப் பெட்டி சொல்லிவிட்டது. நாற்பத்தொரு பேருடைய முடிவுகளைப் பெரிய டாக்டரம்மா நிறுத்திவைத்தார். அத்தனை பேர் வீட்டிலும் போன் அருகிலேயே காத்திருப்பார்கள் இல்லையா. நெட்டை டெக்னீஷியன் தன் கையுறையையே சந்தேகப்பட்டு மூன்று முறை மாற்றினார்.

நானோ புதுசாகப் படிக்கத் தெரிந்துகொண்ட குஷியில் கதவில் இருக்கும் ‘தள்ளு’ வரைக்கும் ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை, வாராவாரம் நான் டிக் போடும் பதிவேட்டையும் ஆசையாக எடுத்தேன். என் டிக்குக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது: ‘மின்சாரம் துண்டித்து, மூடி ஆறிய பின், தொண்ணூற்றாறு குழிகளும் பஞ்சுக் குச்சியால் துடைக்கப்பட்டன.’ மச்சான், அதற்குள் குழி இருப்பதே எனக்குத் தெரியாது. “மேலே பளபளன்னு இருந்தா போதும், மூடியைத் திறக்காதே, சுடும்”னுதானே சொல்லிக் கொடுத்தீர்கள்? ஒன்பது வருஷ டிக்கும் என்னைப் பார்த்து முழித்தன.

புதன்கிழமை டாக்டரம்மாவிடம் போய் நின்றேன்.

“அம்மா, நான் இத்தனை வருஷமா மேலே மட்டும்தான் துடைச்சேன்.”

“அப்ப இந்த டிக்கெல்லாம்?”

“அது டிக் போடுற கட்டம்னு மட்டும்தாம்மா தெரியும்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பஞ்சுக் குச்சி டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். பிளக்கைப் பிடுங்கி, மூடி ஆறும்வரை காத்திருந்து, நெட்டையர் பக்கத்தில் நிற்க, ஒவ்வொரு குழியாகத் துடைத்தேன். குச்சியெல்லாம் கறுப்பு. அறுபதுக்கு மேலே எண்ணிக்கை தப்பிவிட்டது, அவர் கொஞ்சமும் இரக்கமில்லாமல் “முதல்லேர்ந்து வாங்க பெரியவரே” என்றார். காற்று போகும் வலையைக் கழற்றினால் கம்பளி மாதிரி தூசி வந்தது.

பிறகு தண்ணீரை மட்டும் வைத்து ஓட்டினார்கள். பெட்டியின் திரையில் கோடு எழும்பினால் தண்ணீருக்கு இன்னும் நோய் என்று அர்த்தம், நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சூடாக்கி ஆற்றுவது மொத்தம் நாற்பது சுற்று. இருபதாவது சுற்று, முப்பதாவது சுற்று. யாரும் நாற்காலியில் உட்காரவில்லை. நாற்பதும் முடிந்தது, கோடு அசையாமல் படுத்தே கிடந்தது. குழிகளில் இருந்த அழுக்குதான் நோய் வேஷம் போட்டிருக்கிறது. நெட்டையர் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார், இன்னும் வலிக்கிறது.

என் வேலையைப் பற்றி மறுநாள் சொல்வதாகச் சொல்லி, நடந்ததை எழுதித் தரச் சொன்னார் டாக்டரம்மா. இப்படித் துடைக்கச் சொன்னது யார் என்றும் கேட்டார். அக்காமேல் சத்தியமாக, உங்கள் பெயரை நான் வாய் திறந்து சொல்லவில்லை. நிம்மதியாக இருங்கள். அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: வாய்தான் திறக்கவில்லை. எழுத உட்கார்ந்தேனா, கை நிற்கவில்லை. ஐந்து பக்கம் போய்விட்டது. உங்கள் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் அழகாக விழுந்திருக்கிறது. படித்துவிட்டு டாக்டரம்மா என் வேலையை விட்டுவைத்தார். இரண்டு மூன்று நாளில் உங்களுக்குப் போன் செய்வார். நீங்கள் ஓய்வு பெற்ற அன்று கொடுத்த ‘சிறந்த பராமரிப்பாளர்’ சான்றிதழைத் திருப்பிக் கேட்டாலும் கேட்பார், சுவரிலிருந்து பார்த்துக் கழற்றுங்கள். கோபத்தில் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த வாரமும் எழுதுவேன்.