கப்பம் அண்ணாச்சியின் பதினேழு ராஜ்யங்கள்

ஐரோப்பா கண்டத்தில் பாதியை நெய்யாற்றின்கரை ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தபடி ஆண்டவர் உலக வரலாற்றிலேயே ஒருவர்தான். அதுவும் ஒரு நாட்டைக்கூடத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளாமல். ஊரார் நிலத்தையெல்லாம் பெயர் மாற்றி எழுதுவதே பிழைப்பாக இருந்த ஒரு மனிதர் இப்படிச் செய்தார் என்றால் நம்பக் கஷ்டம்தான். நான் கண்ணால் பார்த்தேன். அவருடைய மேஜைக்கும் என் போட்டோஸ்டாட் மெஷினுக்கும் நடுவே ஒரு பிளைவுட் தட்டிதான் இருந்தது.

அந்த வரிசைக் கடைகளில் அவருக்குக் கப்பம் அண்ணாச்சி என்று பெயர். சொந்தப் பெயர் அவர் எழுதும் பத்திரங்களின், அந்தப் பக்கத்துப் பேச்சில் ஆதாரங்களின், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கடைசிப் பக்கம் வரை யார் வாசிக்கிறார்கள்? மகாராஜா காலத்திலிருந்தே தாலுகா கச்சேரியில் எழுத்து வேலை பார்த்த குடும்பம். இப்போது மகளோடு பெங்களூரில் இருக்கிறார். இதைப் படித்தால் எனக்கு போன் வரும். வரட்டும்.

ரிஜிஸ்டர் ஆபீஸில் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிய சமயம், அப்பாவுக்கு மவுஸ் பிடித்துக் கை பழகட்டும் என்று மகள் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். பழைய காலத்து ராஜ்யங்களை வைத்து ஆடுகிற விளையாட்டு. ஒரு பெரிய வரைபடம் வரும். ஏதாவது ஒரு நாட்டைப் பிடித்துக்கொண்டு, படை சேர்த்து, பக்கத்து நாடுகளை அடித்து, நானூறு வருஷம் ஆள வேண்டும். மகள் மனதில் இருந்தது ஒரு வாரப் பயிற்சி. அண்ணாச்சி ஆறு வருஷம் இறங்கவில்லை.

அவர் முதல் யுத்தத்தில் ஜெயித்த அன்று நான் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். நாட்டை எடுத்துக்கொள்கிறாயா, சாமந்தனாக வைத்துக்கொள்கிறாயா என்று விளையாட்டு கேட்டுக்கொண்டு நின்றது. சாமந்தன் என்றால் நமக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசன்.

"ஜெயிச்சாச்சுல்லா அண்ணாச்சி, எடுத்துக்கிடுங்க" என்றேன்.

"எடுக்கதா? ஆதாரம் எழுதுற இடத்தில இருந்தும் உனக்கு பூமியைப் பத்தி ஒண்ணும் தெரியாது மக்கா. எடுத்த நாட்டுல கலகம் வந்தா பட்டாளம் நான் அனுப்பணும். அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் சாமி அவனுக்குப் பிடிக்காது. சாமந்தனா வச்சா அவன் கொட்டாரத்துல, அரமனையில, அவனே ராஜா. மாசாமாசம் கப்பம் தருவான். நான் சண்டைக்குப் போனா கூட வருவான். ஆனா தனியா ஒருத்தன்கிட்ட சண்டைக்கும் போக முடியாது, கூட்டு சேரவும் முடியாது. தலைவேதனை அவனுக்கு, தேங்கா எனக்கு. மனசிலாச்சா?"

இப்படியே பதினேழு சாமந்தர்களைச் சேர்த்தார். ஆனால் தலைவேதனை முழுவதும் அவருக்குத்தான் வந்தது. ஒவ்வொரு சாமந்தனுக்கும் 'சுதந்திர ஆசை' என்று ஒரு எண் உண்டு. ஐம்பதுக்குக் கீழே இருந்தால் பசு மாதிரி இருப்பான். ஐம்பதைத் தாண்டினால் கப்பம் நின்றுவிடும், சண்டைக்குக் கூப்பிட்டால் வரமாட்டான், எதிரி ராஜாவிடம் ஆள் அனுப்பி 'என்னை விடுவிக்க வருவீரா' என்று கேட்பான். சாமந்தன் கை ஓங்கினால் எண் ஏறும். சாமந்தர்கள் எல்லோரும் சேர்ந்தால் நம்மைவிடப் பலசாலி என்றாலும் ஏறும். பரிசு கொடுத்தால், பெண் கொடுத்தால், துண்டு நிலம் கொடுத்தால் இறங்கும். அண்ணாச்சியின் காலை நேரம் முழுக்க இந்த எண்களை இறக்குவதில் போனது.

பத்திரம் எழுத வந்தவர்கள் காத்து நிற்பார்கள்.

"ஒரு நிமிஷம் இரியும். ஒரு கல்யாணத்த முடிச்சு வச்சிட்டு வாறேன்."

"ஆருக்கு அண்ணாச்சி கல்யாணம்?"

"பவேரியாக்காரிக்கு."

"நம்ம ஆளுவளா?"

"இல்ல. ஆனா நல்ல இடமாக்கும்."

பாலராமபுரத்திலிருந்து வந்த ஒரு நெசவுக்காரர் மரியாதைக்குக் கல்யாணத் தேதியும் கேட்டுக்கொண்டு போனார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் கடையையும் சாமந்த ராஜ்யமாக அறிவித்துவிட்டார். என்னிடம் யாராவது சில்லறைக்கு வம்பு பண்ணினால் அண்ணாச்சி குடையோடு எழுந்து வருவார். பதிலுக்கு அவருடைய பிரிண்டை நான் முதலில் எடுத்துத் தர வேண்டும். தினமும் காலையில் என் சுதந்திர ஆசையைக் கேட்டுத் தட்டிக்கு அப்பாலிருந்து குரல் வரும்: "மக்கா, இன்னைக்கு எத்தனை?" முதலில் விவரம் தெரியாமல் "இருபது" என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் எரிச்சலில் "ஐம்பத்தஞ்சு" என்று சொன்னேன். ஐந்தாவது நிமிஷம் எதிர் டீக்கடையிலிருந்து சூடாக இரண்டு பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வந்தது. அதற்குப் பிறகு நான் ஐம்பதுக்குக் கீழே இறங்கியதே இல்லை.

இந்த நிலையில்தான் அதியன்னூரிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகப்பத்திரம் எழுத வந்தார்கள். மூத்தவர் தாணு, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். சாதாரணமாகப் பேசினாலே பின்வாசல் வரை கேட்கும். இளையவர் மணியன், வெல்டிங் கடை வைத்திருப்பவர். வாயைத் திறப்பதே அபூர்வம். அப்பா விட்டுப்போன வீட்டையும் இருபத்தைந்து சென்ட் நிலத்தையும் பிரிக்க வேண்டும். தம்பி தன் பாதியை வெளியாளுக்கு விற்கப் போகிறார் என்று அண்ணனுக்கு ஆத்திரம்.

"வீட்டை நெடுக அறுத்துப் போடணும்ங்கான் இவன்! அறு பாப்பம்!" என்று தாணு கத்தியதில் என் மெஷினில் காகிதம் சிக்கிக்கொண்டது.

அண்ணாச்சி பேனாவை மூடி வைத்தார்.

"அறுக்க வேண்டாம், விக்கவும் வேண்டாம். தாணு, நீரு பெரிய ராஜா. மணியன் உம்ம சாமந்தன். அவன் பாகத்துல அவன்தான் ராஜா, நீரு கை வைக்கப்பிடாது. பதிலுக்கு அவன் மாசம் பத்து தேங்கா கப்பம் தருவான். நீரு எங்க சண்டைக்குப் போனாலும் கூட வருவான்."

தாணுவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். முப்பது வருஷம் 'முன்னால போ, முன்னால போ' என்று சொல்லியும் ஒருத்தரும் கேட்காத மனிதருக்கு ஒரே நாளில் கிரீடம். மணியனும் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். "அண்ணன் என் முற்றத்துல வந்து பல்லு தேய்க்கப்பிடாது." அதுவும் ஷரத்தாக ஏறியது. பதினோரு ஷரத்துகள். நான்தான் டைப் அடித்தேன்.

ஆபீஸில் பதிவு செய்யும் மேடம் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு மலையாளத்தில் கேட்டார். "சேட்டா, இது எந்து ஆதாரமா? தானமோ, விலையோ, பாகமோ?"

"கீழ்ப்படிதல், மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். இன்னொரு தடவை இப்படி எழுதிக்கொண்டு வந்தால் லைசென்ஸைப் பற்றி மேலே எழுத வேண்டிவரும் என்றும் சொன்னார். ஆனால் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஷரத்துகள் பிடித்துப்போயிருந்தன. ரிஜிஸ்டர் ஆகாவிட்டால் என்ன, வீட்டு உடன்படிக்கையாக இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

நாலு மாதம் ராஜ்யம் அமோகமாக நடந்தது. தாணு வழியோடு போகும்போதெல்லாம் வந்து செய்தி சொல்வார். கோயில் கமிட்டியில் அவர் சண்டைக்கு எழுந்தாராம், பின்னாலேயே மணியனும் பேசாமல் எழுந்து நின்றாராம், கமிட்டி அடங்கிவிட்டதாம். "வெல்டிங் கம்பி கையில இருந்துச்சு, அதுனாலயும் ஆயிருக்கும்" என்று அவரே ஒப்புக்கொண்டார். அண்ணாச்சி இந்த வெற்றியை வரிசைக் கடை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

ஐந்தாவது மாதம் தாணு ஒரு பையோடு வந்து மேஜைமேல் கவிழ்த்தார். எலுமிச்சம்பழம் அளவுக்கு, பிஞ்சிலே உதிர்ந்த பத்துக் குரும்பைகள்.

"இதாக்கும் இந்த மாசத்துக் கப்பம். எண்ணிப் பாரும், பத்து உண்டு!"

அண்ணாச்சியின் முகம் மாறியது. "ஐம்பதைத் தாண்டியாச்சு. நீரு என்ன செய்தீரு, உள்ளதைச் சொல்லும்."

"ஒண்ணும் செய்யல்ல. கார் ஒண்ணு வாங்கினேன். நிறுத்த இடமில்ல, நடு வேலியப் பிரிச்சு அவன் முற்றத்துல நிறுத்தினேன். கேட்டுல போர்டு ஒண்ணு மாட்டினேன். அதுல என் பேரு மாத்திரம் இருக்கு. ஓய், பெரிய ராஜாண்ணு நீருதானே சொன்னீரு!"

அண்ணாச்சி பதில் சொல்லும் முன் தாணுவின் போன் அடித்தது. மறுபக்கம் அவர் மனைவி. அந்தக் குரல் எனக்கே கேட்டது. அம்பூரியில் ரப்பர் தோட்டக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட, தாணுவின் தங்கை லலிதா, மணியன் கூப்பிட்டு ஜீப்பில் வந்து இறங்கியிருக்கிறாள், கூட ஆட்களும் உண்டு.

"வெளிநாட்டு சகாயம்!" என்று அண்ணாச்சி எழுந்தார். அந்த ஆறு வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் அந்த வரிசையை விட்டு வெளியூருக்குக் கிளம்பியது அன்றுதான். "மக்கா, ஸ்கூட்டரை எடு."

அதியன்னூர் போய்ச் சேரும்வரை பின்சீட்டில் இருந்தபடி யுத்த ஏற்பாடுகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டு முன்னால் ஜீப் நின்றது. ஆட்கள் என்றது இரண்டே பேர். ஒருவர் டிரைவர், இன்னொருவர் லலிதாவின் மாமியார். மணியன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, அண்ணன் காரின் முன்னால் நின்றார்.

அண்ணாச்சி நேராகத் தாணுவிடம் பாய்ந்தார். "சாமந்தன் நாட்டை நம்ம நாட்டோட சேர்த்துக்கிடணும்னா பத்து வருஷம் சிநேகமா இருக்கணும் ஓய்! பிறகும் பைய பையத்தான். நீரு அஞ்சு மாசத்துல வேலியப் பிரிச்சா..."

"நீங்கதானா அண்ணாச்சி இந்தப் பேப்பரை எழுதினது?" லலிதா கேட்டாள். சத்தம் போடவில்லை. கையில் பதினோரு ஷரத்துகளும் இருந்தன.

"ஆமா மக்கா."

"ஒரு தடவ, ரெண்டு தடவ வாசிச்சேன். இதுல என் பேரு எங்க இருக்கு?"

அண்ணாச்சி காகிதத்தை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார்.

"எங்க அம்மை படுக்கையில கிடந்த ரெண்டு வருஷம், ஞாயிறுதோறும் அம்பூரியில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்து குளிப்பாட்டி விட்டது நானாக்கும். அண்ணன் ராஜா, இவன் ராஜா. அப்பம் நான் யாரு? கப்பமா?"

தாணு தான் கேட்டில் மாட்டிய போர்டைத் திரும்பிப் பார்த்தார். மணியன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அண்ணாச்சி தண்ணீர் வேண்டும் என்றார். லலிதாவே கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்துச் செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நாப்பது வருஷமா ஆதாரம் எழுதுறேன்" என்றார். "வாரிசு எத்தனைன்னுதான் முதல்ல கேப்பேன். அண்ணைக்குக் கேக்கல்ல. அது என் தப்பாக்கும்."

பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். மணியனின் அளவு டேப்பை வாங்கி ஒரு முனையை என்னிடம் தந்தார். வெயிலில் அளந்தோம். மூன்று பங்கு. "இவளுக்கு அங்க குடுத்தா எனக்கு வழி?" என்று தாணு முனகியபோது, "வழி நான் எழுதித் தாறேன், கார் போகும்" என்று அண்ணாச்சி தலையை நிமிர்த்தாமலே சொன்னார். அடுத்த வாரம் சாதாரணப் பாகப்பத்திரம், சாதாரண நான்கு எல்லைகளோடு ரிஜிஸ்டர் ஆனது. மேடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தாணுவின் வழிக்குப் பிற்பாடு மணியன் ஒரு இரும்புக் கேட் செய்து மாட்டினார். எந்த ஷரத்திலும் அது இல்லை, கூலியும் வாங்கவில்லை.

ரிஜிஸ்டர் முடிந்த அன்று மத்தியானம் அண்ணாச்சி கம்ப்யூட்டரைத் திறந்தார். மவுஸ் சத்தம் விடாமல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பதினேழு சாமந்தர்களையும் ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தார். அதற்கும் ஒரு பட்டன் இருக்கிறது. நான் அதுவரை பார்த்ததில்லை.

"என்ன அண்ணாச்சி இது? ஆறு வருஷம் சேர்த்தது!"

"ஒருத்தன்கிட்டயும் சம்மதம் கேட்டதில்ல மக்கா" என்றார்.

பதினேழாவது நாட்டை விடுவித்த கொஞ்ச நேரத்திலேயே, முதலில் விடுவித்த நாடு அவர்மேல் படையெடுத்து வந்தது. அவரிடம் சொந்தப் படை என்று ஒன்றும் பெரிதாக இல்லை. அத்தனை வருஷமும் சாமந்தர்கள்தானே சண்டை போட்டார்கள். ஒரு ஜில்லா போனது. இரண்டாவது போனது. நான் பதறினேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மகள் முதல் சம்பளம் வாங்கிய செய்தியைச் சொன்னபோது இருந்த அதே முகத்தோடு திரையைப் பார்த்தார்.

"பாத்தியா, எவ்வளவு வளந்துட்டான் பயல்! வருவான்னு நான் நெனைக்கவே இல்ல."

தட்டிக்கு இந்தப் பக்கம் ஆட்கள் வந்து நின்றார்கள். ஆதார் நகல் வேண்டும், அவசரம் என்றார்கள். கரண்ட் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். என் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நான் என் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.